காப்பு அவிழாத எம்.பி.

கொன்றைப்பட்டியில் காப்புக் கட்டினால் கட்டினதுதான். செல்லியம்மன் திருவிழாவுக்கு வருஷம் ஒரு வீடு என்று முறைவைத்து, அந்த வீட்டு ஆண்பிள்ளை கையில் மஞ்சள் தோய்ந்த நூலைக் கோயில் பூசாரி சோலைமலை வேளார் கட்டிவிடுவார். கட்டிய நேரத்திலிருந்து அவன் அவன் இல்லை, ஊர். ஊருக்காகப் பட்டினி கிடப்பான், ஊருக்காக அம்மன் முன்னால் நிற்பான், கடைசி நாள் முளைப்பாரி கரைத்து முடித்து ஊருணிக்கரையில் அந்த நூலை அறுத்துத் தண்ணீரில் விடுகிறவரைக்கும் எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டான். தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் தாண்டியதில்லை. அந்த வருஷம் முறை தவசிலிங்கம் வீட்டுக்கு வந்தது. அந்த வருஷம்தான் தவசிலிங்கம் நெடுங்குளம் நாடாளுமன்றத் தொகுதிக்கு வேட்பாளராகவும் நின்றிருந்தார்.

அவர் நின்றதே ஒரு கூத்து. கட்சியில் இரண்டு பெரிய தலைகள் சீட்டுக்காக முட்டிக்கொண்டதில் மூன்றாவதாக ஒரு சாதுவான ஆள் தேவைப்பட்டது; பால் சங்கத்துச் செயலாளராக இருந்து எவர் வீட்டு மாட்டையும் குறை சொல்லாத தவசிலிங்கம் கண்ணில் பட்டார். பேச்சில் மனுஷன் கெட்டிக்காரர். கறக்கிற மாட்டோடு பேசுவார், கூரையில் உட்கார்ந்த காக்காயோடு பேசுவார், எதுவும் அகப்படாவிட்டால் சுவரோடு பேசுவார். அவர் மனைவி பூங்காவனத்துக்குத்தான் அந்தப் பேச்சு கிடைக்கவில்லை. சங்கம், பஞ்சாயத்து, அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் என்று ஊரெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வீடு வந்து சேரும்போது அவரிடம் கொட்டாவிதான் மிச்சம் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து பூங்காவனம் அந்தக் கொட்டாவியோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

ஓட்டு எண்ணிய நாளும் திருவிழாவின் கடைசி நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. காப்புக் கட்டியிருந்ததால் அவர் எண்ணுகிற இடத்துக்குக்கூடப் போகவில்லை. பெண்கள் முளைப்பாரியைச் சுமந்துகொண்டு ஊருணிக்கு இறங்க, வேளார் சின்னக் கத்தியைத் தீட்டிக்கொண்டு கரையில் காத்திருக்க, நான்கு திசையிலிருந்தும் கார்கள் வந்து நின்றன. ஜெயித்துவிட்டார் என்றார்கள். வேட்டு வெடித்தது, மேளம் கொட்டியது, யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள், யாரோ காருக்குள் திணித்தார்கள், சான்றிதழ் வாங்கிய கையோடு மதுரைக்குப் போய் அங்கிருந்து விமானத்தில் டெல்லிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவிழ்த்திருப்பார் என்று ஊர் நினைத்தது. யாராவது அவிழ்த்துவிட்டிருப்பார்கள் என்று வேளார் நினைத்தார். எல்லோரும் நினைத்தார்கள், ஒருவரும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலையில் பூங்காவனம் கொல்லைக்கதவைத் திறந்தபோது தவசிலிங்கம் தொட்டியருகே உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள். எங்கே போனேன் என்று அவர் கேட்டார். அவள் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சினாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, டெல்லியிலிருந்து அவருடைய நம்பர்தான், ஆனால் எடுத்தால் மறுமுனையில் மூச்சு மட்டும்தான் கேட்டது. இந்த முனையில் அவர் கொல்லையில் நின்று மாட்டோடு பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, கொல்லையையும் பார்த்துக்கொண்டு, பூங்காவனம் எந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றாள். அவளுக்கு அன்றைக்குப் பிடித்த குழப்பம் பிறகு தெளியவே இல்லை.

ஊருக்கு அப்படியொன்றும் தலைசுற்றவில்லை. ஆள் இரண்டாக இருக்கிறாரே என்று இரண்டு நாள் டீக்கடையில் பேசினார்கள், பிறகு அதை எப்படிச் சமாளிப்பது என்று பேசினார்கள். ரேஷன் கடைக்காரர் கார்டில் ஒரு தலை கூடுமா என்று சந்தேகம் கேட்டார், டெல்லியில் சாப்பிடுகிறவருக்கு இங்கே எதற்கு அரிசி என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. வேறு தொகுதிகளில் ஓட்டு வாங்கிப் போனவன் முகத்தை அடுத்த தேர்தலில்தான் பார்க்க முடியும், எங்கள் எம்.பி.யைப் பார்க்க வேண்டுமானால் காலையில் வா, மாடு கறந்துகொண்டிருப்பார் என்று கொன்றைப்பட்டிக்காரர்கள் சந்தையில் நெஞ்சை நிமிர்த்தினார்கள். தொகுதி முழுக்க இருந்து ஷேர் ஆட்டோவில் ஜனம் வந்தது. முதலில் மனுவோடு வந்தது, பிறகு மாட்டுத் தகராறு, வரப்புத் தகராறோடு வந்தது, கடைசியில் சும்மாவே வந்தது. எப்போது போனாலும் இருக்கிற மனிதருக்கு மதிப்பு எத்தனை நாள்? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மாசம் இரண்டு போவதற்குள் வருகிறவர்கள் அவரைப் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

அப்படி ஜனம் சலித்து ஓய்ந்த பிறகுதான் பூங்காவனத்துக்குத் தன் புருஷன் கிடைத்தார். சங்கத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அரசாங்கக் கணக்கில் அவர் டெல்லியில் இருந்ததால் உள்ளூரில் எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் அவளோடு உட்கார்ந்து கடலை உரித்தார், உரித்தபடி பேசினார். பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சைக்கிளோடு கருவேலம் முள்ளில் விழுந்து, நொண்டி நொண்டி வந்து, மாப்பிள்ளைக்குக் கால் ஊனமோ என்று அவள் அப்பா தயங்கியதை அப்போதுதான் சொன்னார். முள்ளை எடுக்காமலேயே நிச்சயம் பண்ணிக்கொண்டாராம். பூங்காவனம் உலை வைக்கும்போதும் சிரித்தாள், தண்ணீர் எடுக்கப் போகும்போதும் சிரித்தாள். இந்த வயதில் இதென்ன என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

எப்போதாவது அவர் பாதிச் சோற்றில் எழுந்து நின்று யாருக்கோ கும்பிடு போடுவார். வெயில் கொளுத்துகிறபோது குளிர்கிறது என்று போர்வை கேட்பார். ரசம் நன்றாக இருந்தால் பலகையைப் படபடவென்று தட்டுவார். ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டால் விழிப்பார். அவளும் விழிப்பாள். பிறகு இருவரும் சாப்பிடுவார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது டீக்கடை உக்கிரபாண்டி. கடையில் டிவி உண்டு, நாடாளுமன்றம் நடக்கிற நாளில் எங்கள் எம்.பி. தெரிகிறாரா என்று ஒரு கண்ணை அதில் வைத்திருப்பான். ஒரு நாள் டிவிக்குள் தவசிலிங்கம் எழுந்து நின்றார். அதே நேரம் கடை வாசலில் நின்ற தவசிலிங்கம் வடை ஆறிப்போய்விட்டதென்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. வாசலில் நின்றவர் ஒருவழியாகச் சமாதானமாகி வடையை வாயில் போட்டு மென்றார். உடனே டிவி பேசியது. "நன்றி, மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே" என்று கணீரென்று சொல்லிவிட்டு உள்ளே இருந்தவர் உட்கார்ந்துகொண்டார். நேரம் முடிந்துவிட்டது. ஆள் இரண்டு, குரல் ஒன்று என்று உக்கிரபாண்டி வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஊரைக் கூட்டினான்.

அதற்குப் பிறகு ஊர் பதறிப்போனது. டெல்லியில் அவரை மௌன விரதக்காரர் என்று மரியாதையாக நடத்துகிறார்களாம், இப்படியொரு ஒழுக்கமான உறுப்பினரைப் பார்த்ததே இல்லை என்று எதிர்க்கட்சிக்காரர்கள்கூடப் பாராட்டுகிறார்களாம். இங்கே ஜனங்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்க, அவர் பெருந்தன்மையாக "ஆகட்டும், பாத்துக்கிறேன்" என்று சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது. இத்தனை ஆகட்டும் வாங்கிக் குவித்தோமே என்று ஜனம் வாயில் அடித்துக்கொண்டது.

சபை நடக்கிற நாளில் தவசிலிங்கத்தோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவானது. அவர் வீட்டு வாசலில் சிவப்புத் துணி தொங்கினால் அந்தத் தெருவில் இருமல்கூட அடங்கி வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊரே உலைமூடியைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் வாய்க்கு அலைந்தது. அவரும் நல்லவர்தான், மூடிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் காக்காய் வந்தால் என்ன செய்வார்? வாயில் எதையாவது போட்டு வைக்கலாம் என்று பூங்காவனத்திடம் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு டெல்லியில் குரல் வந்தது, ஆனால் எதையோ மெல்லுகிற குரலாக வந்தது, அவைத் தலைவர் கோபித்துக்கொண்டார். வெற்றிலை கொடுத்தால் குரல் சிவந்து குழறியது. எது எப்படியோ, அவர் குரலுக்கு வீடு இங்கே இருந்தது, கட்டவிழ்த்தால் தொழுவம் தேடி வருகிற மாடு போல அது இங்கே வந்துகொண்டே இருந்தது. பூங்காவனத்துக்கு உள்ளுக்குள் அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்காக வருத்தமாகவும் இருந்தது.

இந்தப் பாடெல்லாம் எதற்கென்றால், தொகுதி அவரை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் அனுப்பியது. உப்போடைக்கு ஒரு பாலம். ஓடைக்கு அந்தப் பக்கம் மறுகால்பட்டியும் இன்னும் பல ஊர்களும் மழைக்காலத்தில் தீவாகிவிடும். ஓடையைத் தாண்டுகிற ரோடு தேசிய நெடுஞ்சாலை, டெல்லிக்காரன் ரோடு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று இங்கே கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். டெல்லியில் ஒருவர் எழுந்து வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

மறுகால்பட்டியிலிருந்து சீனியம்மாள் வந்தபோது பூங்காவனம் தனியாகக் கொல்லையில் சாணம் தட்டிக்கொண்டிருந்தாள். போன மழையில் சீனியம்மாளின் மூத்த மருமகள் பிரசவ வலியோடு கட்டிலில் கிடந்தபடியே ஓடைக்கரையில் தண்ணீர் வடியக் காத்திருந்து, வடிவதற்குள் போய்விட்டாள். தாயும் போய்ச் சேர்ந்தாள், பிள்ளையும் போய்ச் சேர்ந்தது. இப்போது இளைய மருமகளுக்கு மாதமாகியிருந்தது. வந்தவள் அழவில்லை, சண்டை போடவில்லை, உட்காரவும் இல்லை.

"தாயி, ஒன் புருசன் ஒன் வீட்ல பேசுறாரு. வேணாங்கல. எங்களுக்கு எப்பப் பேசுவாரு?" என்று கேட்டாள்.

பூங்காவனத்தின் கை சாணத்திலேயே நின்றுவிட்டது. சீனியம்மாள் திரும்பும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா என்று பொதுவாக விசாரித்துவிட்டுப் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பூங்காவனம் வேளாரிடம் போனாள். அவள் கேட்பதற்கு முன்பே அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கே தெரிந்ததுதான், காப்பை அவிழ்க்காததால் வந்த வினை. இங்கே இருக்கிறவர் கையிலும் மஞ்சள் நூல் இருந்தது, டிவியில் தெரிகிறவர் கையிலும் இருந்தது. இங்கே அறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"ஆத்தா, கட்டத் தெரியும், அறுக்கத் தெரியும். ரெண்டா நிக்கிற ஆளை அறுத்தா எது நிக்கும், எது போகும்னு எங்கப்பன் சொல்லித் தரல. இங்கன அறுத்தா இங்கன உள்ளவரு போவாருன்னு எம் மனசுக்குப் படுது. தப்பாவும் இருக்கலாம்" என்றார் வேளார். பிறகு, நாள் தவறிப்போன காப்பைப் பூசாரி அறுக்கக் கூடாது, கட்டிக்கொண்டவன் வீட்டுப் பெண்தான் அறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

செய்தி பரவியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அறுக்கட்டும் என்று ஒரு பக்கம், தப்பித்தவறி டெல்லியில் இருப்பவர் போய்விட்டால் மறுபடி ஓட்டுப் போட வரிசையில் நிற்க வேண்டுமே என்று ஒரு பக்கம். இரண்டு பக்கமும் விடிய விடியப் பேசி, கடைசியில் அது பூங்காவனத்தின் இஷ்டம் என்று அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டுத் தூங்கப் போயின. பொறுப்பை இறக்கிவைக்க இடம் கிடைத்துவிட்டால் ஊருக்கு எப்போதுமே நல்ல தூக்கம் வரும்.

அடுத்த வாரமே டெல்லியிலிருந்து அவருடைய உதவியாளர் போன் பண்ணினார். அவையில் அவசரப் பிரச்சினைகளைப் பேசக் குலுக்கல் போடுவார்களாம், அதில் தவசிலிங்கம் பெயர் விழுந்துவிட்டதாம், நாளை மதியம் உப்போடைப் பாலத்தைப் பற்றிப் பேசலாம், ஆனால் ஐயா வாயைத் திறந்தால் சத்தமே வருவதில்லையே, ஊரில் யாருக்காவது வைத்தியம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள் பூங்காவனம்.

மறுநாள் காலையில் அவருக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சீனியம்மாள் வந்தது, வேளார் சொன்னது, போன் வந்தது. சொல்லிவிட்டு, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றாள். அவர் பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தார்.

"எனக்கு மட்டும் என்ன புரியுது பூவு. ஆனா போன மழையில அந்தப் பிள்ளையக் கட்டிலோட தூக்கினப்ப கட்டில் கால் ஒண்ணை நாந்தேன் புடிச்சிருந்தேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"நீங்க போயிட்டா?"

"நாந்தான திரும்பி வரப்போறேன். வேற யாரு வரப்போறா?"

சரிதானே என்று அவளுக்கும் பட்டது. இவர் அவளுடைய புருஷன்தான், அங்கே இருப்பவரும் அவரேதான், ஒருவர் போனால் ஒருவர் வரப்போகிறார், இதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அவருக்கு இன்னொரு தோசை போட்டாள், வேண்டாம் என்றவருக்கு மறுபடியும் ஒன்று போட்டாள்.

ஊருணிக்கரைக்கு யாரும் வரவில்லை, எல்லோரும் டீக்கடை டிவி முன்னால் இருந்தார்கள். வேளார் கத்தியைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தவசிலிங்கம் கையை நீட்டினார். நூல் நைந்து, மஞ்சள் வெளுத்து, இறுகிப் போயிருந்தது. சதையில் படாமல் அறுக்க அவளுக்கு நேரம் எடுத்தது. அவர் அதுவரைக்கும் படித்துறையில் வந்து நின்ற ஒரு நாரையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நூல் அறுந்து தண்ணீரில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார், தோளைத் தடவிப் பார்த்தார், துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். கரையேறி, அந்தப் பக்கம் இறங்கினார். பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. வேளார் கத்தியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டீக்கடைப் பக்கமிருந்து பெரிய சத்தம் எழுந்தது. அவர் பேசுகிறாராம், தண்ணீர் வடியக் காத்திருந்த பெண்ணைப் பற்றிப் பேசுகிறாராம், நேரம் முடிந்து மணி அடித்தும் நிறுத்தவில்லையாம், மற்றவர்களெல்லாம் மேசையைத் தட்டுகிறார்களாம். ஓடிவந்து சொன்னவர்களுக்கு அவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போனபோது துண்டு ஆணியில் தொங்கியது.

கொஞ்ச நாளில் அளவு நாடாவும் கம்பமுமாக ஆட்கள் வந்து உப்போடையின் இரண்டு கரையிலும் சிவப்பு வெள்ளைக் கம்புகளை நட்டுவிட்டுப் போனார்கள். சீனியம்மாளின் இளைய மருமகளுக்கு மழைக்கு முன்பே, ஓடை வற்றிக் கிடக்கும்போதே நல்லபடியாகப் பிரசவமானது. சபை முடிந்து தவசிலிங்கம் ஊருக்கு வந்தார். எல்லையிலேயே மேளம், மாலை, சால்வை. இப்போது அவர் மேடைக்கு ஏற்ற மாதிரி குரலைத் தாழ்த்தி உயர்த்திப் பேசினார், நன்றாகத்தான் பேசினார். கூட்டமெல்லாம் கலைந்து அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் பூங்காவனம் தண்ணீர் கொடுத்தாள். அவர் கையைப் பார்த்தாள், மணிக்கட்டில் நூல் இல்லை. அதே கைதான், அதே நகம்தான். முன்பின் தெரியாத வீட்டில் உட்காருவது போல அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லல, ஒன்கிட்டதான் சொல்றேன்" என்றார். "அங்க இத்தனை மாசமும் வாயைத் தொறந்தா காத்துத்தேன் வந்துச்சு. ஒரு மனுசங்கூடப் பேச முடியல. பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சு. நீயும் இங்கன பேச ஆளில்லாம தனியாத்தான கெடந்திருப்பே?"

அந்தக் குரலைத்தான் அவள் இங்கே வைத்துக்கொண்டு இத்தனை மாசமும் சிரித்திருக்கிறாள். இவரிடமிருந்து எடுத்த பேச்சைத்தான் அவர் வாயால் கேட்டிருக்கிறாள். யாருக்கு யார் துரோகம் செய்தது, இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பதில் சொல்வது, ஒன்றும் பிடிபடாமல், ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் அழ ஆரம்பித்தாள். அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அதான் வந்துவிட்டேனே, இனி எதற்கு அழுகிறாய் என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, போனவரை நினைத்து, வெகுநேரம் அழுதாள்.